வாசலில் நின்ற பெயர்

அழுக்காறாமை ஓர் அறம். பிறர் பெற்ற பேற்றைக் கண்டு தன் நெஞ்சு கருகாதிருத்தலுக்கு முன்னோர் இட்ட பெயர் அது. சிலர்க்கு அது பிறப்போடு வருகிறது. அவரைப் புகழ்வதில் பெரிய பொருள் இல்லை. வேறு சிலர் அதனைக் காலையில் அரும்பாடுபட்டுத் தேடிப் பெறுகிறார்கள், மாலைக்குள் தொலைத்துவிடுகிறார்கள், மறுநாள் மீண்டும் தேடப் புறப்படுகிறார்கள். இங்கே சொல்லப்படுபவர் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் தொலைத்த நாள்களே மிகுதி. தேடுவதை விடவில்லை என்பதற்காகவே அவர் வாழ்க்கையில் ஒரு பகுதியை எழுதத் துணிந்தேன்.

போகும் அலுவலகங்களில் எல்லாம் அவருக்குத் ‘துளி சார்’ என்று பெயர். கணினிக்கு மென்பொருள் எழுதும் குழுக்களிடம் சென்று, அவர்கள் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்ள உதவுவது அவர் தொழில். பழைய முறையில் மூன்று மாத உழைப்பை ஒரே மூட்டையாகக் கட்டி ஒருநாள் வெளியிடுவார்கள்; மூட்டைக்குள் எந்தப் பிழை எங்கே பதுங்கியிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. அவரோ சிறு சிறு திருத்தமாகச் செய்யச் சொல்லுவார். ஒவ்வொன்றையும் இன்னொருவர் கண்ணும் பார்க்க வேண்டும். கணினியே ஓட்டிப் பார்க்கும் சோதனைகளில் அது தேற வேண்டும். தேறியதை அன்றே வெளியிட வேண்டும். “துளித்துளியா அனுப்புங்க, துளித்துளியா அனுப்புங்க” என்று வாய்க்கு வாய் சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. அவர் நன்றாக வேலை செய்தார் என்பதற்கு ஒரே அடையாளம், அவர் வெளியேறிய பின் அந்த அலுவலகத்தார் “இதையெல்லாம் நாங்களே செஞ்சோம்” என்று மனமார நம்புவதுதான். அவர்கள் நம்பாவிட்டால் புதுமுறை வேர் பிடிக்கவில்லை என்று பொருள். நம்பிவிட்டால் அவர் பெயர் அங்கே இல்லை என்று பொருள். பல ஆண்டுகளாக அவர் இந்த நிலையைச் சிரித்த முகத்தோடு தாங்கி வந்தார். முன்பின் தெரியாதவர்கள் பெயரெடுத்தார்கள்; அவருக்கு அது உறைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் பெயரெடுத்தபோதுதான் வயிறு எரிந்தது.

அந்தத் தெரிந்தவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கையை மணந்தவர். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இருவரை உலகம் நிறுத்துப் பார்க்காமல் விடுவதில்லை. இளையவர் நிறையில் சற்றே கூடுதல் என்று மூத்தவருக்குத் திருமணப் புகைப்படத்திலேயே தோன்றியது. படத்தில் அனைவரும் இளையவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவர் மட்டும் கேமராவைப் பார்க்கிறார்.

பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் ஒன்று அவரை அழைத்தது. எந்தப் பெட்டி எந்த வண்டியில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை அவர்களே எழுதி நடத்தினார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மூட்டை வெளியாகும். அதன் மறுநாள் மருந்துப் பெட்டி பொம்மைக் கடைக்கும் பொம்மைப் பெட்டி மருந்துக் கடைக்கும் போகும். துளி சார் முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, குழுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, “வாங்கண்ணா வாங்க! நீங்கதான் வரப்போறீங்கன்னு நேத்துதான் தெரியும்” என்று கையைப் பற்றிக் குலுக்கியவர் அந்தச் சகலைதான்.

நிறுவனத்தை நடத்திய அம்மையாரிடம் துளி சார் உறவு முறையை மறைக்காமல் சொன்னார். அம்மையார் சிரித்தார். “நல்லதாப் போச்சு. சண்டை போட்டாலும் வீட்டோட போயிடும்.”

இருவர் ஒரே திரைக்கு முன் அமர்ந்து, ஒருவர் தட்டெழுத மற்றவர் உடனிருந்து சிந்திக்கும் முறையை அவர் முதலில் கற்பிக்கத் தொடங்கினார். வெள்ளைப் பலகையில் படம் வரைந்தார், பயன்களை விளக்கினார், ஐயங்களுக்கு முன்கூட்டியே விடை தந்தார். குழுவில் மூத்த நிரலாளர் ஒருவர் கையைக் கட்டியபடி கேட்டார்: “சார், பல்லு தேய்க்கிற பிரஷ்ஷையும் ரெண்டு பேரா வெச்சுக்கணுமா?” கூடம் அதிரச் சிரித்தது. நாள்கள் நகர்ந்தன, ஒருவரும் ஒருவரருகே அமரவில்லை.

ஒரு காலை சகலை தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அந்த மூத்த நிரலாளர் பக்கத்தில் நிறுத்தினார். “இது எனக்குச் சுத்தமாப் புரியல. நீங்க அடிங்க, நான் பக்கத்துல உக்காந்து தொந்தரவு பண்றேன்” என்றார். நண்பகலுக்குள் இருவரும் ஏதோ ஒரு பழம்பிழையைப் பிடித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அறையெங்கும் நாற்காலிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துவிட்டன. அம்மையார் அவ்வழியே வந்தவர் நின்று பார்த்து, “அட, யார் பண்ண வேலை இது?” என்றார். அத்தனை விரல்களும் சகலையை நோக்கின. பலகையோரம் பேனாவை மூடியபடி நின்ற துளி சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாமனார் துளி சார் வீட்டில்தான் இருந்தார். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர். மாதத்தில் சில நாள்கள் இளைய மகள் வீட்டுக்குப் போய்வருவார். இரவு உணவின்போது அவர் தொடங்கினார்.

“சின்னவர் ஆபீஸ்ல எல்லாரையும் ஜோடி ஜோடியா உக்கார வெச்சுட்டாராமே மாப்பிள்ளை! மூளைன்னா அதுல்ல மூளை!”

“மாமா, அந்த யோசனையை அங்க சொன்னதே…”

“சொல்றது யாருக்கு வேணும்? உக்கார வெச்சாரு பாருங்க!”

உண்டு முடித்துச் சமையலறையில் நின்றபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். “இந்த மூஞ்சியோட பால் பாத்திரத்துக்கிட்ட வராதீங்க. திரிஞ்சுடும்.”

“எனக்கு என்ன? ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லேன்னா அந்த டம்ளரை ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? பாவம், அது என்ன பண்ணுச்சு உங்களை?”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. சகலை செய்ததில் குற்றம் ஏதும் உண்டா என்று தேடித் தேடிப் பார்த்தார். இல்லை. அது இல்லாததுதான் அவரை மேலும் வருத்தியது.

பொறாமை பெரிய தீமையோடு வருவதில்லை. சிறிய ஓர் அசட்டையாகவே வருகிறது. புதுமுறை தொடங்கும் இடங்களில் முதற்சில வாரங்கள் எந்தத் திருத்தமும் அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியேறாதபடி கணினியில் ஓர் ஏற்பாடு செய்து வைப்பார். சோதனைகள் தேறி, உடன் பணியாளர் ஒருவர் பார்த்து முடித்த பின்னும், அந்தத் திருத்தம் அவர் பெயருக்கு முன்னால் வந்து கைகட்டி நிற்கும். அவர் தொட்ட பிறகே போகும். புதிதாய் நடப்பவர்கள் விழுந்துவிடக் கூடாது என்பதற்கான பிடி அது. குழு தேறியதும் முதல் வேலையாக அந்தப் பிடியை எடுத்துவிடுவார். “வழியில ஒரு ஆளை நிறுத்தினா, அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தா வேலைக்கே காய்ச்சல்” என்று பிறருக்குச் சொல்பவரும் அவரே.

இங்கே குழு தேறி வெகுநாள் ஆகியும் அவர் அதை எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்றார். பிறகு அடுத்த வாரம் என்றார். திருத்தம் ஒன்று வந்து நிற்கும்போது அவர் கைப்பேசி மெல்லச் சிணுங்கும். உடனே தொட்டு அனுப்பிவிடுவார். உடனுக்குடன் அனுப்பியதால் அங்கே ஒரு வாசல் இருப்பதே குழுவினருக்கு மறந்துபோனதாகத் தோன்றியது. அவருக்கு மறக்கவில்லை. அந்தச் சிணுங்கல் ஒவ்வொன்றும் ‘நீ இன்றி இங்கு ஒன்றும் நடவாது’ என்று காதோரம் சொல்லுவது போலிருந்தது. அதைக் கேட்காத நாளில் அவருக்கு உண்டதும் இறங்கவில்லை.

இவ்வாறிருக்க, அம்மையார் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார். “புது வழி நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு ஒரே ஒரு தடவை கண்ணால பார்க்கணும். வர்ற வெள்ளிக்கிழமை காலைல, பெட்டி கொண்டுபோற ஒருத்தரை இங்க கூட்டிட்டு வர்றேன். அவர் என்ன கேட்கிறாரோ, அதைச் செஞ்சு, அவர் மதியம் வண்டி எடுக்கிறதுக்குள்ள அவரோட போன்ல காட்டுங்க. காட்டினா, இந்த வழியையே எல்லாக் கிளைக்கும் வெச்சுக்கலாம். இல்லேன்னா பழைய மூணு மாச மூட்டையே போதும்.” பிறகு சகலையின் பக்கம் திரும்பி, “நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்” என்றார்.

துளி சார் எழுதுகோலின் மூடியைக் கழற்றி மாட்டினார், மீண்டும் கழற்றினார். இத்தனை நாள் உழைப்பு வேர் பிடித்ததா இல்லையா என்பது அந்த ஒரு காலையில் தெரிந்துவிடும். அந்தக் காலையில் முன்னால் நிற்பவர் இன்னொருவர்.

அதே வெள்ளிக்கிழமை மாமனாருக்குக் கண்புரை அறுவை. மனைவி அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. கூட்டம் நடந்த அன்றிரவு துளி சார், “நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்குத்தானே உங்க ஆபீஸ்ல பெரிய விஷயம்?”

“அவங்களே பார்த்துப்பாங்க. நான் எதுக்கு?”

“ஐயோ, இந்த ‘நான் எதுக்கு’வை நான் நல்லாக் கேட்டிருக்கேன்” என்றாள் அவள். “என் பெரியம்மா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பும்போது இதே ராகத்துலதான் சொல்லுவாங்க.”

வாசலில் தம் பெயர் நிற்பது அவர் நினைவில் இல்லையா? இருந்தது. ‘எடுத்துவிடலாம்’ என்று ஒரு குரல் சொன்னது. ‘நீ இல்லாமல் அவர்கள் ஒருமுறை தடுமாறட்டுமே, தடுமாறினால்தானே உன் அருமை தெரியும்’ என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டாவது குரலை அவர் அதட்டவில்லை.

கண் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் நோயாளிகளால் நிரம்பியிருந்தது. வரிசையாக நீல நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் கண்ணை மூடி மேல்நோக்கிய ஒரு முகம். செவிலி சுற்றிச் சுற்றி வந்து மருந்து விட்டுக்கொண்டிருந்தார். “கண்ணைத் திறக்கக் கூடாது தாத்தா” என்றார். “திறந்தா மட்டும் என்ன தெரியுது? எல்லாம் வெண்ணீறு பூசின மாதிரி இருக்கு” என்றார் மாமனார். துளி சார் கோப்பைக் கொடுக்க முகப்புக்குப் போனார். அங்கே வரிசையில் நின்றபோது கைப்பேசி சிணுங்கியது.

பெட்டி கொண்டுபோகும் பெண்மணி கேட்டது திரையில் ஒரே வரியாய் இருந்தது: வீட்டு எண்ணுக்கு அருகிலேயே மாடி எண்ணும் தெரிய வேண்டும், ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை. திருத்தம் செய்தாயிற்று. உடன் பணியாளர் பார்த்தாயிற்று. சோதனைகள் அனைத்தும் தேறிப் பச்சை காட்டின. கீழே, ‘ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்பதன் அருகில் அவர் பெயர்.

அவர் தொடவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் இட்டார். நெஞ்சுக்கு நேரே இருந்து அது மீண்டும் சிணுங்கியது, மீண்டும் சிணுங்கியது. வெட்கப்பட வேண்டிய ஓர் இன்பம் அவருள் பரவியது. கொஞ்சம் காக்கட்டும். அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும். சகலையின் நகைச்சுவை வற்றட்டும். கடைசி நொடியில் தொட்டு அனுப்பினால், ‘நல்லவேளை, துளி சார் இருந்தார்’ என்று ஒரு வாயாவது சொல்லாதா?

இந்த எண்ணத்தோடு ஓசையின்றித் திரும்பி வந்தவர், மாமனாரின் பின்வரிசையில் நின்றார். மாமனார் கண்ணை மூடியபடியே பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கூட்டிட்டு வந்தவர் உங்க மகனா?” என்று கேட்டார் அவர்.

“மாப்பிள்ளை. பெரியவர். அவர் செய்ற வேலை லேசுப்பட்ட வேலை இல்ல தெரியுமா? ஒரு ஆபீஸ் ஓடாம கெடக்கும். இவர் போவார். சத்தம் போட மாட்டார். இவர் வெளிய வரும்போது அது தானா ஓடும். ஓட வெச்சது யாருன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. லிஃப்ட் நல்லா ஓடுற வரைக்கும் மெக்கானிக் பேரு எவனுக்குத் தெரியும்? மாட்டிக்கிட்டு நின்னாதானே பேரைக் கேட்பான்! என் சின்ன மாப்பிள்ளைகிட்ட எப்பவும் சொல்லுவேன், உங்க சகலைகிட்டேருந்து கத்துக்கங்கன்னு. அவரும் சலிச்சுப்போய், ‘மாமா, இதை ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க, தினம் போட்டுக் கேட்டுக்கிறேன்’னு சொல்லுவார்.”

“இதையெல்லாம் பெரியவர்கிட்ட நேர்ல சொல்லியிருக்கீங்களா?”

“நேர்ல சொன்னா அது சோப்பு போடறது. ஆள் இல்லாதப்ப சொன்னாதான் அது புகழ். நான் யாரையும் முகத்துக்கு நேரா புகழ்ந்ததில்லை, என் சம்சாரத்தைக் கூட.”

துளி சார் கால் மாற்றி நின்றார். செருப்பு உரசிய ஓசை மாமனாருக்கு எட்டிவிட்டது.

“மாப்பிள்ளையா? வந்துட்டீங்களா?” என்றவர், மூச்சு விடாமல் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார். “அந்தச் சின்ன மாப்பிள்ளை இருக்காரே, அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது!”

துளி சாருக்குச் சிரிப்பு வந்தது.  மாமனார் எதிரில் இருப்பவரைப் புகழாதவர்; இருந்ததோ துளி சார் வீட்டில். ஆதலால் இவர் இத்தனை ஆண்டுகளாக இளையவர் புகழை மட்டுமே கேட்டார். அங்கே இளையவர் தம் வீட்டில் அமர்ந்து மூத்தவர் புகழைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கிறார்.

மாட்டிக்கொண்டு நிற்கும் லிஃப்ட் ஒன்று இப்போது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அது அதிர்ந்தது. அழைத்தவர் சகலை. கூடத்தின் மூலைக்குப் போய் எடுத்தார்.

“அண்ணா, மாமாவுக்கு எப்படி இருக்கு?” முதற்கேள்வி அதுதான்.

“மருந்து விட்டிருக்காங்க. இன்னும் உள்ள கூப்பிடல. சொல்லுங்க.”

“இங்க எல்லாம் பச்சையா இருக்கு. உங்க அப்ரூவல்ல நிக்குது. அந்தம்மா வண்டிச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மேடம் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க, ஆனா அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.” பின்னணியில் சோதனைப் பிரிவுப் பெண்ணின் குரல் கேட்டது; குத்திப் பேசுவதால் அவளை எல்லாரும் ஊசி என்றே அழைப்பார்கள். “துளி சார் இன்னிக்கு ஒரு துளி கூட விழ மாட்டேங்கிறாரே!” யாரோ சிரித்தார்கள், பாதியில் நின்றது அந்தச் சிரிப்பு.

“ஒரு நிமிஷம்” என்றார்.

திரையில் இரண்டு வழிகள் இருந்தன. இந்த ஒரு திருத்தத்துக்கு ஒப்புதல் தரலாம். தந்தால் கூடத்தில் அவர் பெயர் ஒலிக்கும். நாளையும் வாசலில் அவரே நிற்பார். அல்லது, ஏற்பாட்டுக்குள் நுழைந்து வாசலிலிருந்தே தம் பெயரை எடுத்துவிடலாம், எடுத்தால் திருத்தம் தானே போகும், இனி எதுவும் அவர் முன்னால் வந்து நில்லாது, சிணுங்காது. விரல் முதல் வழியின் மேலேயே வட்டமிட்டது. அவர் நெஞ்சகம் அந்த நொடியில் எந்தத் தெய்வத்தை நினைத்ததோ அறியேன். விரல் நகர்ந்தது. ‘இவரை நீக்கலாமா?’ என்று கணினி கேட்டது. தம்மைத் தாமே நீக்குமாறு அவர் ஆணையிட்டார்.

கைப்பேசியை மீண்டும் காதில் வைத்தார். பிறகு ஒரு பெண்குரல்: “வந்துடுச்சு! மாடி எண் பக்கத்துலயே தெரியுது!” கைத்தட்டல் எழுந்தது. நாற்காலிகள் உருண்டன. அம்மையார் ஏதோ சொன்னார்; சகலையின் பெயரைச் சொல்லி எல்லாரும் கூவினார்கள். இணைப்பைத் துண்டிக்கக்கூட மறந்துவிட்டார் சகலை. துளி சார் முழுவதையும் கேட்டார். வயிறு முன்போலவே எரிந்தது, சிறிதும் குறையாமல். ஆயினும் அவரே சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பை முடித்துவிட்டு, மாமனாரை உள்ளே அழைத்துச் செல்லப் போனார்.

மாலையில் சகலை பார்க்க வந்தார். மாமனார் ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். மனைவி அனைவர்க்கும் காப்பி கொண்டுவந்தாள்.

“எல்லாக் கிளைக்கும் இதே வழிதான்னு மேடம் சொல்லிட்டாங்க” என்றார் சகலை. “இதை யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. பசங்க எல்லாரும் ஒரே குரல்ல, ‘நாங்களே’ன்னாங்க.”

துளி சாரின் கையில் டம்ளர் ஒரு கணம் நின்றது. பிறகு உதட்டுக்குப் போயிற்று. அவர் தொழிலில் இதைவிட நல்ல செய்தி இல்லை. இதைவிடக் கசப்பானதும் இல்லை.

இருவரும் பால்கனிக்கு வந்தார்கள். சகலை குரலைத் தாழ்த்தினார். “அண்ணா, இன்னிக்கு நீங்க அப்ரூவ் பண்ணல. உங்க பேரையே எடுத்துட்டீங்க. பார்த்தேன்.”

“வாசல் இருந்தது முன்னமே தெரியுமா உங்களுக்கு?”

“ரொம்ப நாளாத் தெரியும். எங்க போனாலும் பிடியை எடுத்துடறவர் இங்க மட்டும் விட்டு வெச்சிருக்காரே, நாங்க இன்னும் அவர் கண்ணுக்குத் தேறல போலன்னு நினைச்சேன். நம்பினா அவரே எடுப்பாருன்னு காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், இன்னிக்கு அந்தக் கைத்தட்டலை விட, வாசல்ல உங்க பேர் இல்லாததைப் பார்த்ததுதான் எனக்குப் பெருசா இருந்தது.”

துளி சார் கம்பியைப் பற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தார். பெட்டிகள் நிறைந்த வண்டி ஒன்று முக்கில் திரும்பியது. பொய் ஒன்று ஆயத்தமாய் நாவில் இருந்தது. ‘மறந்துபோச்சு’ என்றால் முடிந்தது. “நீங்க தேறலைன்னு இல்ல” என்றார் மெதுவாக. “நீங்க எப்பவோ தேறிட்டீங்க. எனக்குத்தான் மனசு வரல.”

சகலை கம்பியில் சாய்ந்துகொண்டார். பிறகு, “அப்பாடா” என்றார். “உங்களுக்கும் வருமா இது? மாமா உங்க புராணம் பாடுற அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது அண்ணா. உங்க மச்சினிச்சியைக் கேட்டுப் பாருங்க.”

உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுப்பு? இங்க வாங்க!” இருவரும் போய்க் கட்டிலின் இருபுறமும் நின்றார்கள். மாமனார் கட்டில்லாத கண்ணால் ஒருவரைப் பார்த்தார், மற்றவரைப் பார்த்தார். இருவருமே எதிரில் இருந்ததால் புகழ ஆளின்றித் திணறினார். கடைசியில், “அந்தக் கண் டாக்டர் இருக்காரே, அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது!” என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

அன்றோடு அவர் நெஞ்சில் அழுக்காறு அற்றுப்போயிற்று என்று நான் எழுத மாட்டேன். அடுத்த நிறுவனத்துக்குப் போன முதல் மாதமே, பழைய இடத்தில் சகலைக்குப் பதவி உயர்வு என்று கேட்டு அவர் இரவெல்லாம் புரண்டார். ஆனால் புதிய இடத்தில் குழு தேறிய அன்றே வாசலிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டார்; கைப்பேசி சிணுங்காத மாலையில் வீட்டுக்கு நடந்தே வந்தார். அந்த மாலைக்கு அவ்வளவு அறம் போதும்.

அருளாளன் அவர் இல்லத்தின் விளக்கை அணையாது காப்பானாக. கட்டு அவிழ்ந்த மாமனாரின் கண் பல்லாண்டு தெளிவாய்க் காண்பதாக. அவர் துணைவியின் சிரிப்புக்கு அவ்வீட்டில் என்றும் குறை வாராதிருப்பதாக. அக்கையும் தங்கையும் வாழும் இரண்டு வீடுகளும் ஒன்றன் நலங்கண்டு மற்றொன்று மகிழ்வதாக; மகிழ இயலாத நாளில், மகிழ முயல்வதற்கேனும் வலிமை பெறுவதாக.